பையைத் தூக்குங்கள், பஸ்ஸில் ஏறுங்கள்



இந்த லீவில் நாங்கள் குடும்பமாகக் கந்தளாய்க்குப் போய் வந்தோம். வேன் பிடிக்கவில்லை. கல்கிசையில் இருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ், அங்கிருந்து திருகோணமலை போகும் 49ஆம் இலக்க பஸ். ஆளுக்கொரு முதுகுப் பை. மூன்று பகல், இரண்டு இரவு.

வந்த பிறகு பள்ளிவாசல் முற்றத்திலும், பாடசாலையிலும், ஒரு கல்யாண வீட்டிலும் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள்.

"ஏன், வேன் ஒண்டு புடிக்கேலாதா?"

"பொம்புளப் புள்ளயயும் கூட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் பஸ்ஸுலயா?"

மூன்றாவது கேள்வி கொஞ்சம் மெதுவாக வந்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கேட்டார்கள். "அபாயாவோட பெரிய பேக்கயும் தூக்கிக்கிட்டு... ஆரும் ஒண்டும் கேக்கல்லயா?"

இதை எழுதுவதே அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான். கேட்டவர்கள் எங்கள் மேல் அன்பு உள்ளவர்கள். அதனால்தான் பதிலையும் ஒளிக்காமல் சொல்ல நினைக்கிறோம்.

கேட்டார்கள். ஒருவர் கேட்டார்.

பஸ் குருநாகலைத் தாண்டி, இப்பாகமுவ, மெல்சிரிபுர எல்லாம் போய்க் கலேவெல பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சனம் நிறைந்த பஸ். எங்கள் பைகள் மேல் தட்டில். முன் சீற்றில் இருந்த நடுத்தர வயது மனிதர் ஒருவர் திடீரென்று எழும்பி, மேலே பார்த்து, சத்தமாகக் கேட்டார்: "மே பேக் எக காகெத?" இந்தப் பை யாருடையது?

அந்தப் பத்து நிமிஷம் என்று எழுத வந்தோம். உண்மையில் பத்து செக்கன் கூட இருக்காது. ஆனால் அந்த நேரத்துக்குள் எங்கள் மனதில் ஓடியவை கொஞ்சமல்ல. இறக்கிவிடுவார்களோ, பையைத் திறக்கச் சொல்வார்களோ, பொலிஸுக்குக் கோல் எடுப்பார்களோ, பிள்ளைகள் முன்னால் என்ன சொல்வது. பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வயது மகள் எழும்பி, "அபே, அங்கிள்" என்றாள். எங்களுடையது.

விஷயம் இவ்வளவுதான்: தண்ணீர்ப் போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை. பையில் இருந்து ஒழுகிய தண்ணீர் அவருடைய தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டோம். "கமக் நே" என்று சொல்லி அவரே பையை இறக்கித் தந்தார். பிறகு எங்கே போகிறோம் என்று விசாரித்தார். கந்தளாய் என்றதும், ஆறு மணிக்குப் பிறகு ரோட்டால் நடக்க வேண்டாம், யானை வரும் என்று இரண்டு தரம் சொன்னார். ஹபரணையில் இறங்கும்போது மகனின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அவர் முதலில் எழும்பியபோது என்ன நினைத்தார் என்பதை அல்லாஹ்தான் அறிவான். நாங்கள் என்ன நினைத்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய வாயில் இருந்து வந்தது ஒரு சாதாரணக் கேள்வி. எங்களுடைய காதில் விழுந்தது 2019.

அந்த வருஷம்தான் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்தாள். புதுப் பை, அதில் ஒரு பூனைப் படம். ஏப்ரல் 21க்குப் பிறகு பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். எல்லாப் பாடசாலையிலும் அதுதான். பெற்றோர் முறை வைத்து நின்றார்கள். ஆசிரியர்கள் நாங்களும் நின்றோம். ஆறு வயதுப் பிள்ளை தன்னுடைய பையைத் தானே திறந்து காட்டப் பழகிக்கொண்டது. அதைச் செய்தது தவறு என்று சொல்லவில்லை. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அத்தனை உயிர்களைப் பறித்தவர்கள் முதுகில் பையோடுதான் போனார்கள். அவர்கள் நம்முடைய பெயர்களை வைத்திருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆனால் அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? மெல்ல மெல்ல வேனுக்குள் போய்விட்டோம்.

வேன் என்று சொல்வது வேனை மட்டுமல்ல. நம்முடைய ட்ரிப் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடிய முன் வீட்டு வாசலில் ஏறுகிறோம். சாப்பாடு வீட்டில் இருந்தே வருகிறது. வழியில் நமக்குத் தெரிந்த ஹலால் கடையில் மட்டும் நிற்கிறோம். நுவரெலியாவில் நம்முடைய ஆட்களின் வீடொன்றை வாடகைக்கு எடுக்கிறோம். க்ரெகரி வாவியைச் சுற்றிப் படம் எடுக்கிறோம். திரும்பி வீட்டு வாசலில் இறங்குகிறோம். முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியும், நம்மைத் தவிர வேறொரு மனிதரோடு பத்து வசனம் பேசியிருக்க மாட்டோம். காலி வீதியைச் சக்கரம் பூட்டி மலைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறோம். அவ்வளவுதான்.

இதில் குடும்பம் ஒன்றாக இருக்கும் சந்தோஷம் உண்டு. வயதான உம்மாமார், நோயாளிகள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேன்தான் சரி. அதை யாரும் மறுக்க முடியாது. நாங்கள் கேட்பது, நடக்கக்கூடிய, பை தூக்கக்கூடிய பிள்ளைகளும் ஏன் எப்போதும் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான்.

வகுப்பில் நாங்கள் காண்பதைச் சொல்கிறோம். இரண்டாம் மொழிச் சிங்களத்தில் எண்பது, தொண்ணூறு புள்ளி எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டுரை எழுதுவார்கள். ஆனால் கண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்க வாய் வராது. வெள்ளவத்தையில் தமிழில் சமாளிக்கலாம், தெஹிவளையில் ஆங்கிலம் கலந்து சமாளிக்கலாம். கலேவெலயில் சமாளிக்க முடியாது. அங்கே பேசித்தான் ஆக வேண்டும். பத்து செக்கனுக்குள் "அபே, அங்கிள்" என்று சொல்ல மகளுக்கு எது உதவியது? பாடப் புத்தகமும் உதவியது. அதைவிட, இரண்டு வருஷமாக 100ஆம் இலக்க பஸ்ஸில் தானே டிக்கட் எடுத்த பழக்கம் உதவியது.

கந்தளாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போவது ஒரு காரணம் என்றால், குளத்தடி ஊருக்குப் போவது இன்னொரு காரணம்.

திருகோணமலைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றருக்கு முன்னால் இருக்கிறது இந்த ஊர். கல்வியியல் கல்லூரியில் எங்களோடு படித்த ஒருவரின் வீட்டில் தங்கினோம். பின்னேரம் குளக்கட்டில் ஏறியதும் மகன் முதலில் கேட்டது, "இது கடலா?" என்றுதான். கல்கிசைப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் கடல். கட்டின் நீளம் பதினாலாயிரம் அடி, உயரம் ஐம்பது அடிக்கு மேல். ஒரு பக்கம் வானம் வரை தண்ணீர், மறுபக்கம் கீழே பச்சை வயல். நடுவில் மனிதன் போட்ட மண்.

"இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்பது அடுத்த கேள்வி. மழையாலும் வருகிறது. அதோடு, மாத்தளை மலைப் பக்கத்தில் ஓடும் அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, வாய்க்கால் வழியே மின்னேரியாக் குளத்துக்கும், அங்கிருந்து இன்னும் வடக்கே கந்தளாய் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய காலத்து வேலை. நாங்கள் இரண்டு பஸ் மாறி வந்ததுபோல இந்தத் தண்ணீரும் குளம் மாறி மாறி வந்திருக்கிறது என்று சொன்னோம். மகனுக்கு அது பிடித்துப்போனது.

யார் கட்டியது? இங்கேதான் ஒரு ஆசிரியருக்கு நல்ல பாடம் இருக்கிறது. சிங்கள வரலாற்று நூல்கள் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்போ மன்னனைச் சொல்கின்றன. அக்போபுர என்ற ஊரைத் தாண்டித்தான் பஸ் கந்தளாய்க்கு வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு திருத்தினார் என்றும் சொல்கிறார்கள். திருகோணமலைத் தமிழ் மரபு குளக்கோட்டனைச் சொல்கிறது. கோணேசர் கோயிலோடு சேர்த்து இந்தக் குளத்தையும் அவன் கட்டினான் என்பது கோணேசர் கல்வெட்டு சொல்லும் கதை. இன்றைக்கு அந்தக் குளத்துத் தண்ணீரில் சிங்களவரும், முஸ்லிம்களும், தமிழரும் விதைக்கிறார்கள். மடையைத் திறந்தால் வயல்காரரின் பெயரைத் தண்ணீர் கேட்பதில்லை. குளத்துக்கு உரிமை கொண்டாடும் கதைகள் பல. அதைச் சேர்ந்து பாதுகாக்க வேண்டிய தேவை ஒன்றுதான்.

அந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதை அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். 1986 ஏப்ரல் 20. புத்தாண்டு கழிந்து ஒரு வாரம். விடிய முன், எல்லோரும் நித்திரையில் இருந்த நேரம், கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. வயலெல்லாம் மண் மூடியது.

"பெரிய மழை இரையிற மாதிரிச் சத்தம். வெளிய வந்து வானத்தப் பாத்தா வெள்ளி தெரியுது. மழ இல்ல. அப்பத்தான் விளங்கிச்சி" என்றார். அவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார். மேட்டில் ஏற்கெனவே சனம். "ஆரு எவரு எண்டு ஆரும் பாக்கல்ல மகன். கையக் குடுத்தவண்ட கையப் புடிச்சம்."

எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு இரவு நெடுநேரம் தூங்கவில்லை. பயத்தால் அல்ல, கேள்விகளால். ஏன் உடைந்தது, யார் பார்த்துக்கொள்ள வேண்டியது, திரும்ப எப்படிக் கட்டினார்கள். இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் ஒன்றை நாங்கள் வகுப்பில் நடத்தியதில்லை. மறுநாள் எருமைத் தயிரும், குளத்து மீனும், மூடிப் பல வருஷமான சீனித் தொழிற்சாலையின் பக்கமாக ஒரு நடையும். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு கட்டிய தொழிற்சாலை அது. உதவிய நாடும் இப்போது இல்லை, ஆலையும் ஓடவில்லை, குளம் மட்டும் இருக்கிறது.

இனி, அந்தக் கேள்விகளுக்கு வருவோம்.

வேனுக்குக் காசு இல்லையா என்றால், ஆம், அதுவும் ஒரு காரணம்தான். இரண்டு ஆசிரியர் சம்பளத்தில் ஓடும் வீடு. இதில் என்ன வெட்கம்? வேனுக்கு ஒரு தரம் கொடுக்கும் காசில் நாங்கள் வருஷத்துக்கு மூன்று தரம் போகலாம். பஸ்ஸில் போவது வசதி இல்லாதவன் வேலை என்ற எண்ணம் நம்மிடம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. நம்முடைய மூத்தவர்கள் கண்டி இராச்சியத்துக்குள் தவளம் ஓட்டியவர்கள். மாட்டின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்குப் போய், பாக்கும் மிளகும் கொண்டு இறங்கியவர்கள். அரசனின் பொதி மாட்டுப் பகுதியான மடிகே பத்தவில் பெரும்பாலும் முஸ்லிம்களே இருந்தார்கள். சிங்களக் கிராமத்துக்குள் பொதியோடு போய், அங்கேயே தங்கி, அவர்களுடைய மொழியில் விலை பேசி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பை தூக்குவது நமக்குப் புதிதல்ல.

இப்னு பதூதாவைப் பாடத்தில் படிப்பிக்கிறோம். 1325இல் இருபத்தொரு வயதில் தாஞ்சியரில் இருந்து கிளம்பியவர். 1344இல் புத்தளத்தில் இறங்கிப் பாவா ஆதம் மலைக்குப் போனார். அவர் எழுதிவைத்ததால்தான் அந்தக் காலத்து இலங்கையைப் பற்றி நமக்குப் பல விஷயங்கள் தெரியும். பூமியில் நடந்து திரிந்து பார்க்கும்படி குர்ஆன் ஒரு இடத்தில் மட்டும் சொல்லவில்லை. வழிப்போக்கருக்கு ஸகாத்தில் பங்கு இருக்கிறது. தொழுகையில் சலுகை இருக்கிறது. பிரயாணம் வேண்டாத ஒன்று என்றால் மார்க்கம் முஸாபிருக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்குமா?

பெண் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்குச் சமாளிப்புப் பதில் சொல்ல மாட்டோம். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று சொல்கிறது. எல்லா இனத்துப் பெண்களும்தான். இது அந்தப் பெண்களின் வெட்கம் அல்ல, நாட்டின் வெட்கம். நாங்கள் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்: யாராவது தொட்டால் சத்தம் போடு, வெட்கப்படாதே, உடனே எங்களுக்குச் சொல். குடும்பமாகப் போகும் பிரயாணத்தில் இதைப் பழக்காவிட்டால் எப்போது பழக்குவது? நாளைக்குப் பல்கலைக்கழகத்துக்கோ கல்வியியல் கல்லூரிக்கோ இதே பஸ்ஸில்தான் போகப் போகிறாள். அன்றைக்கு வேன் வராது.

அடுத்தது நம்முடைய வீட்டுக் குறை. போகும் வழியில் ஒரு ஊரில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ இறங்கினோம். பள்ளிவாசலில் ஆண்களுக்கு எல்லா வசதியும் இருந்தது. பெண்கள் பகுதிக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கழிவறைக்கும் பூட்டு. கடைசியில் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்காரச் சிங்களப் பெண், தன் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டி, ஒரு பாயும் விரித்துத் தந்தார். அவருக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். ஆனால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களே, கொஞ்சம் யோசியுங்கள். பெண்கள் தூரம் போகக்கூடாது என்று மிம்பரில் சொல்கிறோம். போகிற பெண்ணுக்கு ஒரு கழிவறைச் சாவியைக் கொடுக்க நம்மால் முடியவில்லை. பெரிய ரோட்டு ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் பெண்கள் பகுதி பகலில் திறந்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

ஆபத்து? இருக்கிறது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருஷம் செப்டெம்பரில் எல்ல பக்கம் சுற்றுலா போன ஒரு பஸ் விழுந்து பதினைந்து பேர் போனார்கள். முதலாவது பொதுப் போக்குவரத்து பஸ், இரண்டாவது தனியாக ட்ரிப் போன பஸ். பாதையும் பிரேக்கும் சாரதியின் நித்திரையும் வாடகை வாகனம் என்று பார்த்து விட்டுவிடுவதில்லை. ஒன்று விடியற்காலை இருட்டில், மற்றது இரவில் நடந்தது. அதனால் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் சட்டம்: வெளிச்சத்தில் மட்டும் பிரயாணம்.

போக நினைப்பவர்களுக்காக நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

• ஸுபஹ் தொழுததும் கிளம்புங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஊர் போய்ச் சேரலாம். ஹபரணைக்கு அப்பால் இரவு நடமாட்டம் வேண்டவே வேண்டாம், யானை உள்ள காடு.

• ஆளுக்கு ஒரு பை, அவரவரே தூக்கக்கூடிய அளவில். பிள்ளையின் பையைப் பிள்ளைதான் தூக்க வேண்டும். போத்தல் மூடியை இரண்டு தரம் பாருங்கள்!

• பையை மேலே வைக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், சிரியுங்கள். பயம் இரண்டு பக்கமும் பாதியாகக் குறையும்.

• டிக்கட் எடுப்பதும் வழி கேட்பதும் பிள்ளைகளின் வேலை, சிங்களத்தில். பிழைத்தாலும் பரவாயில்லை.

• குளத்தைக் கண்டதும் இறங்காதீர்கள். கடலில் நீந்தத் தெரிந்தவனுக்கும் குளத்துச் சேறு வேறு. ஊர்க்காரர் காட்டும் இடத்தில், அவர்கள் பார்த்திருக்க மட்டும் குளியுங்கள்.

• லன்ச் சீட், போத்தல், ஷொப்பிங் பேக் எல்லாம் திரும்பி உங்கள் பையில் வர வேண்டும். நாம் போட்டுவிட்டு வரும் குப்பை நம்முடைய பெயரில்தான் அங்கே கிடக்கும்.

• உறவுக்காரரோ படித்த கூட்டாளியோ இருக்கும் ஊராகத் தெரிவு செய்யுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்குத் திரும்புகிறோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையா? சில வேளை கேட்பார்கள். முறைத்துப் பார்ப்பவரும் இருப்பார். எல்லாப் பிரயாணமும் எங்களுடையதைப் போல நல்ல மனிதரோடு முடியும் என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை கேட்க நேர்ந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய வலியை நாங்கள் சின்னதாக்கவில்லை.

ஆனால் நம்மைக் காணாதவர் நம்மைப் பற்றிக் கேட்டதையே நம்புவார். அவர்களைக் காணாத நம் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரே சீற்றில் ஆறு மணி நேரம் தோளோடு தோள் இருந்தவர்களைப் பற்றிப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். நல்லிணக்கம் என்று மண்டபத்தில் விளக்கேற்றிக் கூட்டம் வைப்பார்கள், நாமும் போய்க் கேக் சாப்பிட்டு வருவோம். 49ஆம் இலக்க பஸ்ஸில் அதைவிடக் கூடுதலாக நடக்கிறது, யாரும் மாலை போடாமல்.

1986இல் கட்டு உடைந்த பிறகு அந்த ஊரார் குளத்தை மூடிவிடவில்லை. கட்டைத் திரும்பக் கட்டினார்கள். தண்ணீரைத் திரும்ப நிரப்பினார்கள். பிள்ளைகளை இழந்தவர்களும் அதே தண்ணீரில்தான் விதைத்தார்கள். நமக்கும் ஒரு ஏப்ரலில் உடைந்தது. பல வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எவ்வளவு காலம் மேட்டிலேயே நிற்கப் போகிறோம்?

அடுத்த லீவுக்கு நாங்கள் இன்ஷா அல்லாஹ் கலாவெவப் பக்கம் போகிறோம். மகன் இப்போதே தன் பையில் என்ன வைப்பது என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறான். மகளுடைய பூனைப் படப் பை இன்னும் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. அதைத்தான் அவன் கொண்டுபோகப் போகிறானாம்.

பிரயாணிகள் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.